வழியிற் கண்ட மனிதர்கள்



பெரியோருடைய வரலாறுகளைப் படிப்பது நன்மை பயக்கும் என்று இளமை முதலே நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். அது உண்மையே. ஆயினும், அத்தகைய நூல்களைக் கூர்ந்து படிப்பவர்களுக்கு வேறொன்றும் புலப்படும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்தது. அதில் மகாவித்துவான்களும் மடாதிபதிகளும் வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே, பசித்த வேளையில் சோறிட்டவர்களும், போக்கறியாமல் நின்றபோது ஒரு சொல் சொல்லி வழிகாட்டியவர்களும் வருகிறார்கள். அவர்களையும் அப்பெரியார் மறவாமல் குறித்து வைத்திருப்பதே அந்நூலில் நம்மை மிகவும் கவர்ந்தது. அவ்வாறு அவர் எழுதாமல் விட்டிருப்பின் அம்மனிதர்கள் இருந்தார்கள் என்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய எளிய மனிதர்களைப் பற்றியதே. ஒரு மனிதன் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, அவன் கண்முன் வந்து நிற்பவர்கள் யாவர்? மேடையில் கண்ட தலைவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் பெரும்பாலோர், ஒரு நாளோ ஓர் இரவோ நம்மோடு இருந்து, நமக்கு வேண்டியதைச் செய்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனவர்களே ஆவர்.

பிறந்த ஊரிலேயே வாழ்பவனுக்கு இவர்களை அடையாளம் காணுதல் எளிதன்று. அங்கே உதவி என்பது உறவின் வடிவில் வருகிறது. அத்தை செய்ததும் மாமன் செய்ததும் கடமை என்றே தோன்றும். ஊர் விட்டு ஊர் போனவனுக்கோ, கிடைக்கும் ஒவ்வொரு உதவியும் தனித்துத் தெரியும். கொடுத்தவர் உறவினர் அல்லர். நம் மொழி பேசுபவரும் அல்லர். நம்மால் அவருக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம் பேர். அவர்களுள் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டிற்கு வெளியே, இந்நாட்டின் பிற பகுதிகளில் வாழ்ந்தவர்கள். பெங்களூரிலும், மும்பையின் தாராவியிலும் மாதுங்காவிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், அந்தமானிலும் குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் பின்னாலும் இத்தகைய மனிதர் ஒருவரேனும் இருந்தே தீருவார். நாம் கண்டவர்களுள் சிலரை இங்கே சொல்லுவோம். கேட்கும்போது உங்கள் நினைவுக்கு வருபவர்கள் வேறாக இருப்பார்கள்; அவ்வாறு வருவதே இப்பேச்சின் பயன்.

முதலாமவர் ஒரு தபால்காரர். தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்று நம் சொந்த ஊர். 1980களில் அவ்வூரில் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பலர், அந்நாளில் பம்பாய் எனப்பட்ட மும்பைக்குப் பிழைக்கச் சென்றிருந்தனர். ஊரில் எஞ்சியிருந்த முதியோர், மாதந்தோறும் வரும் மணியார்டரையும் கடிதத்தையும் எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பர். மணியார்டர்ப் படிவத்தின் அடியில், பணம் அனுப்புபவர் இரண்டொரு வரி எழுதுவதற்குச் சிறிது இடம் அந்நாளில் இருந்தது. எழுத்தறியாதவர் பணம் பெற வேண்டுமாயின் கைந்நாட்டு இட வேண்டும்; அதற்குச் சாட்சி ஒருவரும் கையெழுத்திட வேண்டும். எங்கள் தெருவில் தனியே வாழ்ந்த ஓர் ஆச்சிக்கு நம் தந்தையாரே சாட்சி. பணத்தை எண்ணிக் கொடுத்தபின், அந்த இரண்டு வரியைத் தபால்காரர் மூன்று முறை படிப்பார். ஆச்சி மூன்றாம் முறையும் முதல் முறை கேட்பதுபோலவே கேட்பார்.

1986-ஆம் ஆண்டில், நமக்கு எட்டு வயதிருக்கும்போது, ஆச்சியின் மகனிடமிருந்து பணத்திற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மகன் அல்லர். அவனோடு தங்கியிருந்த தோழர். தபால்காரர் அதை முதலில் தமக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு, கடைசி வரியை முதலில் படித்தார்: "நன்றாகச் சாப்பிடுகிறார், கவலைப்பட வேண்டாம்." அதன்பின், "கையில் அடிபட்டிருக்கிறதாம் ஆச்சி, அதனால்தான் கூட்டாளி எழுதியிருக்கிறான்" என்றார். ஆச்சி உள்ளே போனதும் நம் தந்தையாரை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். "அண்ணாச்சி, இயந்திரத்தில் சிக்கிக் கை போய்விட்டது. மருத்துவமனையில் கிடக்கிறான். உறவில் ஓர் ஆளை இன்றே அனுப்ப வழி பாருங்கள். ஆள் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் நான் மீதியைப் படித்துவிடுகிறேன்" என்றார். மறுநாள், தபால் ஏதும் இல்லாத தெருவுக்கு அவர் மிதிவண்டியில் வந்தார். ஆச்சியின் அருகே அமர்ந்து கடிதத்தை முழுவதும் படித்தார். அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எந்தச் சொல்லை எப்போது சொல்லுவது என்பதை மட்டுமே தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

பின்னாளில் மொழிபெயர்ப்பே நம் தொழிலாயிற்று. மொழிபெயர்ப்புக் கலையைப் பற்றிய நூல்கள் பல படித்திருக்கிறோம். ஆயினும், பிறருடைய சொல்லை ஏந்திச் செல்பவனுக்குரிய பொறுப்பு யாது என்பதை நமக்கு முதலில் காட்டியவர், காக்கிச் சட்டை அணிந்த அந்தத் தபால்காரரே.

இரண்டாமவரை நாம் கண்டது ஓர் இரவு மட்டுமே. பாளையங்கோட்டையில் கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசுத் தேர்வு எழுதி, 2001-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதன்முறையாகத் தில்லிக்குப் புறப்பட்டோம். சென்னையிலிருந்து தில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். விஜயவாடா, நாகபுரி, இட்டார்சி, போபால், ஜான்சி எனப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே சென்றோம். ஆக்ராவைக் கடந்தபின் பலகைகள் தெரியவில்லை. வெண்மையான மூடுபனி ஒன்றுதான் தெரிந்தது. மதுரா வட்டாரத்தில் ஒரு சிறு நிலையத்தில் வண்டி நின்றுவிட்டது. நம் உடம்பில் இருந்தது பருத்திச் சட்டை. கம்பளி என்பது கடையில் பார்த்த பொருள்.

குளிரில் நடுங்கியபடி நடைமேடையில் இறங்கி நின்றோம். நடைமேடையின் கோடியில் ஒருவர் சுள்ளிகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும், தாம் அமர்ந்திருந்த சாக்கில் பாதியை விட்டுக் கொடுத்தார். நாம் தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகளில் தேறியவர்கள். ஆனால் நாம் கற்றது புத்தக இந்தி. அவர் பேசியது அப்பகுதிக்குரிய விரஜ மொழி. நம் இலக்கணச் சுத்தமான வினாக்களைக் கேட்டு அவர் நகைத்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்லுவதுபோல் நிறுத்தி நிறுத்தித் தம் வேலையை விளக்கினார்.

மூடுபனியில் எஞ்சின் ஓட்டுநருக்குக் குறிகாட்டி விளக்குத் தெரியாது. ஆதலின், அதற்குச் சற்று முன்னதாகவே தண்டவாளத்தின் மேல் சிறு தகர வில்லைகள் இரண்டைச் சற்று இடைவெளி விட்டுக் கட்டிவைப்பார்கள். அவற்றுள் வெடிமருந்து உண்டு. 'பட்டாகா' என்று அதற்கு வழக்குப் பெயர். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். அந்த ஓசையைக் கேட்டு ஓட்டுநர், குறிகாட்டி அருகில் வந்துவிட்டது என்று அறிந்து வேகத்தைக் குறைப்பார். ஒவ்வொரு வண்டி கடந்த பின்னும் இருட்டில் நடந்துபோய்ப் புதிய வில்லைகளைக் கட்ட வேண்டும். அதுதான் அவர் வேலை. இந்நாளில் எஞ்சினிலேயே, செயற்கைக்கோளின் துணையால் அடுத்த குறிகாட்டியின் தொலைவைச் சொல்லும் கருவிகள் வந்திருக்கின்றன. அந்நாளில் அந்த மனிதரின் கால்களே கருவி.

"வண்டியில் இருப்பவர்களை நீங்கள் பார்ப்பதுண்டா?" என்று வினவினோம். "வெளிச்சமான சன்னல்கள் போகும். அவ்வளவுதான். தாமதம் என்று எல்லாரும் திட்டுவார்கள். திட்டுவதற்கு ஆள் மிச்சமிருக்கிறதே, அதுதான் நம் சம்பளம்" என்றார். வண்டி புறப்பட மணி அடித்தது. அவர் தம் தோளில் கிடந்த தடித்த பருத்திப் போர்வையை எடுத்து நம்மேல் போர்த்தினார். மறுத்தோம். "எனக்கு நெருப்பு இருக்கிறது. தில்லியில் உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அந்த வினாவிற்கு அப்போது நம்மிடம் விடை இல்லை. போர்வை இன்றும் நம் வீட்டில் உள்ளது.

மூன்றாமவர் தில்லியில் நமக்கு விடையாக வந்தவர். கரோல்பாக்கில் நாம் குடியிருந்த சந்தின் முனையில் ஒரு தொலைபேசிக் கூடம் இருந்தது. 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.' என்று மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகள் எழுதியிருக்கும். இன்றைய இளைஞர்களுக்கு இது புதுமையாக இருக்கலாம். ஓராள் நிற்கத்தக்க கண்ணாடிக் கூண்டு, உள்ளே தொலைபேசி, நாம் பேசப் பேசச் செலவாகும் தொகையைச் சிவப்பு எழுத்தில் காட்டும் கருவி. இத்தகைய கூடங்களை ஒதுக்கீடு செய்யும்போது உடல் ஊனமுற்றோர்க்கு முன்னுரிமை தரப்பட்டது. இக்கூடத்தை நடத்தியவரும் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் இழந்தவர். கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியில் வருவார். சந்து முழுவதும் அவரைப் 'பி.சி.ஓ. பாய்' என்றே அழைத்தது.

இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காகப் பலர் அங்கே வரிசையில் நிற்போம். மலையாளி, வங்காளி, பீகாரி, தமிழர் எல்லாரும் அவரவர் மொழியில் உரக்கப் பேசுவர். அவருக்கு அவற்றுள் எதுவும் தெரியாது. ஆயினும், பேசிவிட்டு வெளியே வருபவரின் முகத்தைப் பார்த்தே, அவரிடம் வேடிக்கை பேசலாமா, மீதிச் சில்லறையை மௌனமாகக் கொடுக்க வேண்டுமா என்று அறிந்துகொள்வார்.

2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, நம் தந்தையார் காலமானார் என்ற செய்தியை அக்கூண்டினுள் நின்றுதான் கேட்டோம். எவ்வளவு நேரம் நின்றோம் என்பது தெரியாது. கதவைத் திறந்தபோது கூடத்தின் இரும்புக் கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. வரிசையில் நின்றவர்களை அவர் வேறு கூடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். "பாபுஜி, முதலில் உட்காருங்கள்" என்று தண்ணீர் கொடுத்தார். ஊருக்குப் போய்ச் சேர இரண்டு இரவு ஆகும், ஈமக்கடனுக்குக் கிட்டாது, பதினாறாம் நாள் சடங்குக்கேனும் போக வேண்டும் என்று சொன்னோம். அது மாதக் கடைசி. கையிலும் பணம் இல்லை. அவர் பணப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நோட்டுகளை எண்ணாமலேயே நம் கையில் வைத்தார். பிறகு தம் மகனை அழைத்து, "இரயிலில் ஏற்றி உட்கார வைத்து, வண்டி நகர்ந்த பிறகு வா" என்று சொல்லி அனுப்பினார். அப்பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும். நிலையம் வரை அவன் ஒன்றும் பேசவில்லை. நம் பையை மட்டும் விடாமல் பிடித்திருந்தான்.

திரும்பி வந்து பணத்தைக் கொடுத்தோம். எண்ணி வாங்கிக்கொண்டார். அன்றைய அழைப்புக்குரிய தொகையை எடுத்து வைத்தபோது மட்டும் கையை நீட்டவில்லை. "அந்த அழைப்புக்கு விலை கிடையாது, பாபுஜி" என்றார். 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், நாட்டின் எம்மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற கட்டணம் வந்தது. கைப்பேசிகள் பெருகின. வரிசை குறைந்தது. சில ஆண்டுகளில் அக்கூண்டை அகற்றி அங்கே கைப்பேசிக் கடை வைத்தார்கள். அவர் அரியானாவில் உள்ள தம் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு தொழில் மறையும்போது அத்தொழிலில் நின்று பிறரைக் காத்த மனிதரும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார் என்பதை அன்று அறிந்தோம்.

நான்காமவர் நம் அலுவலகத்தில் தப்தரியாகப் பணியாற்றியவர். கோப்புகளுக்கு அட்டை போடுவது, கிழிந்த நூல்களைத் தைத்துக் கட்டுவது, பதிவேடுகளை அடுக்குவது ஆகியன தப்தரியின் வேலை. 2008-ஆம் ஆண்டு ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் ஏற்கப்பட்ட பின்னர் அப்பதவிப் பெயர் வழக்கொழிந்து, பல்பணிப் பணியாளர் என்ற பொதுப்பெயரில் அடங்கிவிட்டது. இவர் கர்வால் மலைப்பகுதியினர். எல்லாரும் 'சாச்சாஜி' என்றே அழைப்போம்.

நம் பிரிவில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இருந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பின்னர் 1939-இல் ஓர் அனுபந்தமாகவும் வெளிவந்த அந்த அகராதிதான் எங்கள் தொழிலுக்கு உலைக்களம். பல கைகள் புரட்டியதால் அதன் ஒரு தொகுதி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. ஓரங்கள் நொறுங்கிப் பல தாள்களில் பக்க எண்ணே இல்லை. புதிய பிரதி வாங்கலாம், இதைக் கழித்துவிடலாம் என்று ஒருவர் குறிப்பெழுதினார். சாச்சாஜி அக்கட்டைத் தம் மேசைக்கு எடுத்துச் சென்றார். மாலையில் நம்மிடம் வந்து, "உங்கள் எழுத்துகளை வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் எழுதிக் கொடுத்தோம்.

பதினொரு நாள் அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளின் தலைச்சொல்லையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, அவர் அத்தொகுதியை வரிசைப்படுத்தினார். ஒரு சொல்லையும் அவரால் ஒலிக்க முடியாது. ஒன்றன் பொருளும் தெரியாது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்பது மட்டும் தெரியும். ஒருநாள் பகலுணவு வேளையில், "இந்த இடத்தில் ஒரு தாள் குறைகிறது" என்று விரல் வைத்துக் காட்டினார். பார்த்தோம், உண்மையாகவே குறைந்திருந்தது. நூலகத்திலிருந்து அப்பக்கத்தை நகலெடுத்து வந்து கொடுத்தோம். அதையும் சேர்த்துத் தைத்து, கருநீலத் துணியட்டை போட்டு, முதுகில் ஒன்றும் எழுதாமல் கொண்டுவந்து வைத்தார். "பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும். என் எழுத்தில் எழுதினால் உங்கள் புத்தகம் கோபித்துக்கொள்ளும்" என்றார். 2010-இல் அவர் ஓய்வு பெற்றார். அந்தத் தொகுதி இன்னும் பிரியவில்லை. தமிழுக்குத் தொண்டு செய்தோர் பட்டியலை எவரேனும் எழுதுவாராயின், தமிழறியாத இம்மனிதருக்கும் அதில் ஒரு வரி தர வேண்டும் என்பது நம் கருத்து.

ஐந்தாமவர் தமிழ்நாட்டிலேயே இருப்பவர். திருப்பூரில் நம் தமக்கையார் வாழ்கிறார். 2022-ஆம் ஆண்டு விடுமுறையில் அங்கே சென்றிருந்தோம். பின்னலாடைத் தொழில் நடக்கும் அந்நகரில் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் பெருந்தொகையினர். தமக்கையார் வீட்டருகே, அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் சிறிய இட்டிலிக் கடை நடத்துகிறார். காலையில் அங்கே சென்றபோது ஒரு காட்சி கண்டோம். ஒடிசா இளைஞன் ஒருவன் மருத்துவமனைச் சீட்டை நீட்டுகிறான். அம்மையார் அதைப் படித்து, மாத்திரைகளைத் தட்டில் பிரித்து வைத்து, சூரியன் இருக்கும் திசையையும் உச்சியையும் விரலால் காட்டி, "இது காலையில, இது உச்சிக்கு. தின்னுட்டுத்தான் போடோணும் கண்ணு" என்கிறார். அவன், "சரி அக்கா" என்கிறான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் 'கண்ணு' என்பதும் 'அக்கா' என்பதும் இருவருக்கும் தெரியும்.

அவருடைய கடையில் ஒரு நீண்ட கணக்குப் புத்தகம் உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது ஆலைகள் நின்றன. இளைஞர்களுக்குக் கூலி நின்றது. அம்மையார், கையிருப்பு அரிசி உள்ள வரையில் கஞ்சி காய்ச்சி, அடுத்த வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்குக் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுத்தார். மே மாதம் சிறப்பு இரயில்களில் அவர்கள் ஊர் திரும்பினர். "கணக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டோம். "தொழில் தொடங்கின பொறவு வந்தாங்க; வந்த அன்னிக்கே தீர்த்துட்டாங்க. ரெண்டு பேரு மட்டும் வரலீங்க" என்றார். "அவர்கள் பக்கத்தை ஏன் அடிக்காமல் வைத்திருக்கிறீர்கள்?" என்றோம். "காசுக்கில்லீங்க. அந்தப் பக்கத்து ஆளு யாராச்சும் வந்தா, நல்லாருக்காங்களான்னு கேக்கோணும். பேரு மறந்துபோச்சுன்னா எப்படிங்க கேக்கறது?" என்றார்.

நேயர்களே, அந்த விடையைக் கேட்டபோது, வெகுநாளாக நம்முள் கிடந்த ஐயம் ஒன்று தீர்ந்தது. மூடுபனியில் போர்வை தந்தவருக்கு நாம் பட்ட கடனை எவ்வாறு தீர்ப்பது? தொலைபேசிக் கூடத்தாரை எங்கே தேடுவது? தபால்காரர் இறந்து பல்லாண்டுகள் ஆயின. பெற்ற இடத்திலேயே திருப்பித் தர முடியாத கடன்கள் இவை. இவற்றைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. நாம் வந்தபோது எவ்வாறு நின்றோமோ அவ்வாறு இன்று நம்முன் வந்து நிற்பவனுக்குக் கொடுப்பதே அவ்வழி. அந்த இட்டிலிக் கடை அம்மையார் தில்லியைக் கண்டவர் அல்லர். ஆயினும், தில்லியில் ஒருவர் நமக்குச் செய்ததைத் திருப்பூரில் அவர் இன்னொருவருக்குச் செய்கிறார்.

திருக்குறளில் 'இனியவை கூறல்' என்ற அதிகாரத்தை அடுத்து 'செய்ந்நன்றி அறிதல்' என்ற அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. அயலூரில் வாழ்பவனுக்கு அவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதன் பொருள் நன்கு விளங்கும். முதலில் யாரோ ஒருவர் நம்மிடம் இனிய சொல் ஒன்று சொல்லுகிறார். அதன் பின்னரே நம் வாழ்வு அவ்வூரில் தொடங்குகிறது. அச்சொல்லை நினைவில் வைத்திருப்பவன், தன் ஊருக்கு வரும் அயலானை ஏளனமாகப் பேசமாட்டான். தமிழ்நாட்டில் உள்ள நம் உறவினர் சிலர், வடக்கிலிருந்து வந்த தொழிலாளரைப் பற்றிக் கடுமையாகப் பேசுவதை விடுமுறை நாட்களில் கேட்டிருப்பீர்கள். அவர்களோடு வாதாட வேண்டுவதில்லை. உங்களுக்கு அயலூரில் முதல் உதவி செய்தவரின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அக்கதையைச் சொல்ல உங்களைவிடத் தகுதியுடையோர் எவருமிலர்.

மற்றுமொன்று. நம் பிள்ளைகள் பிற மாநிலங்களிலேயே பிறந்து வளர்கிறார்கள். அவ்வூர் மொழி அவர்களுக்கு இயல்பாக வருகிறது. நாம் அங்கே முதல் நாள் எவ்வாறு நின்றோம் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். ஒருநாள் இரவு உணவுக்குப் பின், நூறு பக்கக் குறிப்பேடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு நினைவு வரும் எளிய மனிதர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். வாடகை வீட்டுக்காரர், பால்காரர், பக்கத்து வீட்டு மூதாட்டி, பிரசவ வார்டில் கைபிடித்த செவிலி என எவராகவும் இருக்கலாம். ஆண்டும் இடமும் குறியுங்கள்; பெயர் தெரிந்தால் பெயரையும் எழுதுங்கள்; தெரியாவிடில் அவர் செய்த தொழிலை எழுதுங்கள். நடை அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் இன்ன நாளில் இன்னது செய்தார் என்ற உண்மை ஒன்றே போதும்.

நம் வீட்டுக் குறிப்பேட்டில் இதுவரை முப்பத்திரண்டு பக்கங்கள் எழுதியிருக்கிறோம். சென்ற மாதம் நம் மகள் அதைப் படித்துவிட்டு, தான் பள்ளிக்குச் செல்லும் பேருந்தின் நடத்துநரைப் பற்றி முப்பத்து மூன்றாம் பக்கத்தை இந்தியில் எழுதி வைத்திருக்கிறாள். அதை நாம் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. அவளே தமிழில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.